அழகரத்தினத்தின் சாறனை உடுத்தவர்

போன வருஷம் ஆரையம்பதியில், வாவிக்கரையோரம் உள்ள கண்ணகையின் வீட்டில் ஒரு படம் எடுத்தார்கள். கண்ணகையின் புருஷன் அழகரத்தினம் என்னோடு ஒரே வகுப்பில் படித்தவன். ஓட்டோ ஓட்டுகிறான்.

கண்ணகையின் வீடு என்று நான் எழுதியது கைதவறி அல்ல. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனமாக வரும். கலியாணம் முடித்த ஆண் அங்கே வந்து இருப்பான். சண்டை வந்தால் பையைத் தூக்கிக்கொண்டு தாய் வீட்டுக்கோ தமக்கை வீட்டுக்கோ போகவேண்டியவனும் அவன்தான். நான் இருக்கும் ஒஸ்லோவில் இதை விளங்கப்படுத்தினால் பெண்கள் கைதட்டுகிறார்கள். அழகரத்தினம் கைதட்ட மாட்டான்.

படம் எடுக்க வந்தவள் தனுஷியா. மட்டக்களப்புப் பிள்ளை, கொழும்பில் படித்தவள். அவளுடைய கதையில் சண்டையில்லை, பாட்டில்லை. நெடுங்காலம் கட்டாரில் வேலை செய்த ஒருவன் வீட்டுக்குத் திரும்பி வருகிறான். அவனுக்கும் பெண்சாதிக்கும் பேச ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. அவ்வளவுதான். ஆறு கிழமை லீவில் நான் ஊரில் நின்றேன். வீடு பிடித்துக் கொடுத்ததும் நான்தான் என்பதால் தினமும் போய் எட்டிப் பார்ப்பேன். யாராவது ஏதாவது உடைத்துவிடுவார்களோ, யாராவது கோபித்துக்கொள்வார்களோ என்று எனக்கு நித்திரை இல்லை.

தன்னைத்தான் கதாநாயகனாகப் போடுவார்கள் என்று அழகரத்தினம் முதல் நாளே முடிவுகட்டியிருந்தான். அதற்கு நியாயமும் இருந்தது. கோயில் திருவிழா நாடகங்களில் எமன் வேஷம் போட்டவன். அவனுடைய எமனைக் கண்டு பிள்ளைகள் அழுதிருக்கிறார்கள். தனுஷியா அவனை வாசலில் நிற்கவைத்து, "கட்டாரில இருந்து இப்பதான் வாறீங்க அண்ணன். உள்ளுக்கு மனுசி இரிக்கா. கூப்பிடுங்க" என்றாள்.

அழகரத்தினம் நிலையைப் பிடித்துக்கொண்டு, நெஞ்சில் ஓங்கி அடித்து, ஒரு கூப்பாடு போட்டான். அடுத்த வளவு நாய் குரைத்தது.

"கொஞ்சம் குறைக்க ஏலுமா அண்ணன்?"

குறைத்தான்.

"இன்னும் கொஞ்சம்."

"இன்னும் குறைச்சா ஒண்டும் இரிக்காதே புள்ள."

"அந்த ஒண்டும் இல்லாததுதான் அண்ணன் வேணும்."

இந்தச் சத்தத்துக்கு, இறால் உடைத்துக்கொண்டிருந்த கண்ணகை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பார்த்தாள், திரும்பிப் போனாள். தனுஷியா தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மனுசிப் பாத்திரம் கண்ணகைக்கு என்று அந்த இடத்திலேயே தீர்ந்துவிட்டது.

"அவ நடிக்கவே இல்லியே, பாத்தாதானே?" என்று அழகரத்தினம் கேட்டான்.

"ஓம் அண்ணன்" என்றாள் தனுஷியா.

புருஷன் பாத்திரத்துக்கு வினாயகமூர்த்தி வந்தார். டவுனில் ஒரு கந்தோரில் எழுத்து வேலை. லீவு நாட்களில் நாடகம். மெலிந்த, அமைதியான மனிதர். அழகரத்தினத்தைக் கண்டால் எழும்பி நிற்பார். கெட்ட மனிதராக இருந்திருந்தால் அழகரத்தினத்துக்குச் சுகமாக இருந்திருக்கும். சாமான் ஏற்றி இறக்கும் ஓட்டோ வேலை அவனுக்குக் கிடைத்தது. ஆகவே நாள் முழுக்க அங்கேயே நின்றான், நின்று பார்த்தான்.

வினாயகமூர்த்தி இடுப்பில் உடுத்தக் கொண்டுவந்த சாறன் கடை மடிப்புக் கலையாமல் விறைத்து நின்றது. வீட்டில் உடுத்த சாறன்தான் வேண்டும் என்றாள் தனுஷியா. கண்ணகை கொடியில் கிடந்த ஒன்றை உருவிக் கொடுத்தாள். சித்திரை வருஷப் பிறப்புக்கு அவளே காத்தான்குடியில் புருஷனுக்கு வாங்கிக் கொடுத்த கைத்தறிச் சாறன். நாவல் நிறத்தில் பச்சைக் கட்டம். ஓட்டோவில் அரிசி மூட்டையோடு வந்திறங்கிய அழகரத்தினம், தன் கதிரையில் தன் சாறனோடு இன்னொருவர் இருப்பதைக் கண்டான்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்தானே?"

"சாறன்தானே இஞ்சாருங்க, உங்களையா தூக்கிக் குடுத்தன்?"

கமராக்காரப் பையன்கள் சிரித்தார்கள். வினாயகமூர்த்தி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணன், நான் கழுவித் தாறன்" என்றார். அது இன்னும் மோசமாகப் போயிற்று.

அடுத்த கிழமை சோற்றுக் காட்சி. புருஷன் சாப்பிடுகிறான், மனுசி பக்கத்தில் நின்று பார்க்கிறாள். மணலை மீன் ஆணம், சுண்டங்காய்ப் பொரியல். மீன் அழகரத்தினம் விடியக் கரையில் போய்த் தெரிந்து வாங்கிவந்தது. திரும்பத் திரும்ப எடுத்தார்கள். வினாயகமூர்த்தியும் திரும்பத் திரும்பச் சாப்பிட்டார். அழகரத்தினம் என் பக்கத்தில் நின்று, தனுஷியாவின் சின்னத் திரைக்குள் கண்ணை வைத்திருந்தான்.

கடைசித் தடவை கண்ணகை ஒரு பார்வை பார்த்தாள். வந்துவிட்டாயே என்றும், ஏன் வந்தாய் என்றும் ஒரே நேரத்தில் கேட்கிற பார்வை. என் மனைவியோடு எத்தனையோ நல்ல படங்களைப் பார்த்திருக்கிறேன். கதையைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்கிற நடிகைகளைப் பார்த்திருக்கிறேன். இந்த அடுப்படிக்குள் அப்படி ஒரு முகத்தைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. என் முழங்கையில் அழகரத்தினத்தின் கை இறுகியது.

"மச்சான், இவ ஒருநாளும் என்னை இப்பிடிப் பாக்கல்ல" என்றான்.

பின்னேரம் எல்லாரும் போனபிறகு, நான் வெளிப் படலையடியில் நிற்கும்போதே சண்டை தொடங்கிவிட்டது.

"அது என்ன பார்வை?"

"எது?"

"சோறு போட்டுட்டுப் பாத்தாயே, அது."

"பாக்கச் சொன்னாங்க, பாத்தன்."

"எனக்குச் சோறு போடக்குள்ள எங்க பாக்கிறநீ?"

"சட்டியப் பாப்பன். நீங்க அடுத்தாளுக்கு மிச்சம் வைக்காத ஆள்."

விடிந்ததும் அழகரத்தினம் பையைத் தூக்கினான். அமிர்தகழியில் உள்ள தமக்கை இராசாத்தி வீட்டுக்கு. போகிற போக்கில் கொடியில் காய்ந்த தன் சாறனையும் எடுத்துப் பைக்குள் திணித்தான். அவனுடைய சாறன்தானே. அதைக் கொண்டுபோனால் ஒரு படமே நின்றுவிடும் என்று அவனுக்கு உண்மையாகவே தெரியாது.

படத்தின் கடைசிக் காட்சி மிச்சம் இருந்தது. சோற்றுக் காட்சியில் உடுத்த அதே சாறனோடு புருஷன் வீட்டைவிட்டு இறங்கி வாவிப் பக்கம் நடக்கவேண்டும். மனுசி வாசலில் நின்று பார்க்கவேண்டும். தனுஷியாவும் நானும் காத்தான்குடியில் கடை கடையாக ஏறினோம். ஒரு முதலாளி எங்கள் போனில் இருந்த சாறன் படத்தைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"இது கைத்தறி தங்கச்சி. தறியில ஒரு பாவு நூல் முடிஞ்சா அடுத்த பாவுல இந்த நிறம் வராது. உடுத்தவருட்டயே கேளுங்க, அதுதான் லேசு."

அது லேசாக இருக்கவில்லை. நான் அமிர்தகழிக்குப் போனேன். இராசாத்தி அக்கா முற்றத்தில் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தா.

"வா தம்பி. உள்ளுக்கு ஒரு பெரிய நடிகர் கிடக்கார், பாத்துட்டுப் போ. கால நீட்டிக்கிட்டு மூண்டு வேளையும் திண்டுக்கிட்டு. எமன் வேஷத்துக்காவது எழும்பி நிக்கிறவன்."

அழகரத்தினம் அந்தச் சாறனை உடுத்திக்கொண்டு கட்டிலில் கிடந்தான்.

"அது மட்டும் போதும் மச்சான், தா. நீ ஆறுதலா வா" என்றேன்.

"என்ட சாறன். உடுத்திரிக்கன். கழட்டிட்டு எப்பிடி இரிக்கிற?"

இதற்குள் வினாயகமூர்த்தியின் லீவு முடிந்துவிட்டது. போகுமுன் என்னைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அழகரத்தினம் அண்ணனுக்குச் சொல்லுங்க, நான் அந்தக் காட்சியில சோத்த மட்டும்தான் பாத்தன்." நான் அதைச் சொல்லவில்லை. சொன்னால் என்ன நடக்கும் என்று பயமாக இருந்தது.

அடுத்த நாள் கண்ணகையே பஸ் ஏறி அமிர்தகழிக்குப் போனாள். நானும் கூடப் போனேன். முற்றத்தில் நின்றுகொண்டே கேட்டாள்:

"சாறனத் தாங்க."

"தரமாட்டன்."

"அப்ப உடுத்துக்கிட்டு வாங்க."

"எங்க?"

"வீட்ட. கடைசிக் காட்சியில புருஷன்ட முகம் இல்லியாம், முதுகுதானாம். தனுஷியா கேட்டுட்டு வரச்சொன்னா. உங்கட முதுகு அவ்வளவு சத்தம் போடாது எண்டு நான் சொன்னன்."

இராசாத்தி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனா. அழகரத்தினம் எழும்பிச் சாறனை இறுக்கிக் கட்டினான்.

அந்தப் பின்னேரத்தை நான் மறக்கமாட்டேன். வெயில் சாய்ந்து வாவி முழுக்க வெள்ளித் தகடாகக் கிடந்தது. தனுஷியா அவனை வாசற்படியில் நிறுத்தி, "நேர நடங்க அண்ணன், கரை மட்டும். திரும்பக் கூடாது" என்றாள். அவன் நடந்தான். பாதி வழியில் திரும்பினான்.

"ஏன் அண்ணன்?"

"பாக்காளா எண்டு பாத்தன்."

மறுபடி நடந்தான், மறுபடி திரும்பினான். மூன்றாம் முறை பூவரசு மரத்தைத் தாண்டும்வரை பொறுத்துக்கொண்டுபோய்த் திரும்பினான். வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. தனுஷியா தலையில் கைவைத்தாள். வாசலில் நின்ற கண்ணகை அங்கிருந்தே கத்தினாள்:

"இனித் திரும்பினா ராவைக்குச் சோறு இல்ல! நான் எப்பிடிப் பாத்தன் எண்டு படத்துல பாருங்க!"

அந்தத் தடவை அவன் திரும்பவில்லை. தோள் விறைத்து, கழுத்தை அசைக்காமல், பின்னால் இருப்பதைத் தெரிந்துகொள்ள முடியாத கஷ்டத்தோடு கரைவரை நடந்தான். பல வருஷம் வெளிநாட்டில் இருந்தவன் அப்படித்தான் நடப்பான் என்று தனுஷியா சொன்னாள்.

இந்த வருஷம் மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் படத்தைக் காட்டினார்கள். நான் அப்போது ஒஸ்லோவில். நடந்ததைக் கண்ணகையும் அழகரத்தினமும் போனில் தனித்தனியே சொன்னார்கள்.

அழகரத்தினம் முன்வரிசையில் இருந்திருக்கிறான். வீட்டுக்குத் திரும்பி வந்து ஒரு வருஷம் அவன் காத்திருந்தது இதற்குத்தான். சோற்றுக் காட்சியில் வினாயகமூர்த்திக்குக் கிடைத்தது ஒரு பார்வை. கடைசிக் காட்சியில் தனக்குக் கிடைத்தது வேறொன்றாகத்தான் இருக்கும், கூடியதாகத்தான் இருக்கும் என்பது அவன் நம்பிக்கை. முதுகு திரையில் வந்ததும் பக்கத்துக் கதிரைக்காரரிடம், "அது நான்" என்றான்.

"முதுகுல பேர் எழுதியா இரிக்கி? பேசாமப் பாரும் காணும்."

பிறகு கண்ணகையின் முகம் வந்தது. திரை முழுக்க வந்தது.

அதே பார்வை. சோற்றுக் காட்சியில் இருந்த அதே பார்வை. ஒரு மயிரளவு கூடவும் இல்லை, ஒரு மயிரளவு குறையவும் இல்லை.

படம் முடிந்ததும் சனம் கண்ணகையைச் சுற்றிக்கொண்டது. கல்லூரி ஆசிரியர் ஒருவர், "முழுப் படத்தையும் சுமந்தது நீங்கதான் பிள்ளை" என்றார். வினாயகமூர்த்தி கைகட்டித் தள்ளி நின்றார். அழகரத்தினம் அவளுடைய கைப்பையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றான்.

ஓட்டோ கல்லடிப் பாலத்தைத் தாண்டியது. அவன் தொடங்கினான்.

"ரெண்டும் ஒரே பார்வை."

"ஓம்."

"அவனப் பாத்ததும் அதுதான், என்னப் பாத்ததும் அதுதான்."

"ஓம். அந்த மனுசிக்கு ஒரு புருஷன்தானே."

"அவ கதைய விடு. நீ பாக்கக்குள்ள என்னத்த நினைச்சாய்?"

"சொல்லமாட்டன்."

"புருஷனுக்குமா?"

"தனுஷியா எத்தின தரம் கேட்டா. அவவுக்கே சொல்லல்ல. அது என்ட."

இதைக் கண்ணகை எனக்குச் சொன்னபோது குரலில் பெருமையும் இல்லை, ஒளிப்பும் இல்லை. வளவில் நிற்கும் மாமரம் யாருடையது என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

அழகரத்தினம் சொன்னபோது குரல் வேறு மாதிரி இருந்தது.

"வினாயகமூர்த்தியில எனக்கு இப்பக் கோவம் இல்ல மச்சான். பாவம், அந்தாளுக்கும் ஒண்டும் கிடைக்கல்ல. முதல்ல அவனிலதான் எரிச்சலா இரிந்திச்சி. பொறகு என்ட முதுகில எரிச்சலா இரிந்திச்சி. முதுகுக்குக் கிடைச்சது முகத்துக்குக் கிடைக்கல்லியே எண்டு. இப்ப அதுவும் இல்ல. அவ மனசுக்குள்ள நினைச்சதில எரியுது. ஆள் தெரிஞ்சாக் கோவிக்கலாம். இது ஆரெண்டு கோவிக்கிற?"

தனுஷியா அடுத்த படத்துக்கும் கண்ணகையைத்தான் கேட்டிருக்கிறாள். இந்தக் கதையில் புருஷனே கிடையாதாம். ஓம் என்று கண்ணகை சொல்லிவிட்டாள். அழகரத்தினத்திடம் சுற்றிவளைத்துக் கேட்கத்தான் நினைத்தேன், நேராகவே வந்துவிட்டது:

"இப்ப எங்க நிக்கிறாய்? அமிர்தகழியிலயா?"

"வீட்டதான்."

"கோவிச்சுக்கிட்டுப் போகல்லியா?"

"போறதுக்குப் பையும் எடுத்தன் மச்சான்" என்றான். பிறகு குரல் தாழ்ந்தது. அவள் பக்கத்து அறையில் இருந்திருக்கவேண்டும். "போனா, அந்தப் பார்வை இந்த வீட்டுக்குள்ள ஒருநாளைக்கு வாற நேரம் நான் அக்காட வீட்டயா கிடக்கிற?"

தூரத்தில் கண்ணகை சாப்பிடக் கூப்பிடும் குரல் கேட்டது. போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டான்.