வழக்கமான நாளின் காற்று

வாசலில் போடவேண்டிய கோலத்தை அண்ணி அன்று அடுப்பின் மேல் போட்டிருந்தார். சாணியால் மெழுகி, ஈரம் முழுதாய்க் காயாத அடுப்பு மேடையில், ஐந்து புள்ளி வைத்த சின்னக் கோலம். தைப்பொங்கலுக்குக்கூட அந்த அடுப்பை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததில்லை. என் கையில் சோப்புப் பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் கருவி ஒன்று இருந்தது. வீட்டுக்குள் மனிதர் சுவாசிக்கும் காற்றில் எவ்வளவு புகைத்தூள் கலந்திருக்கிறது என்பதை அது எண்ணில் காட்டும். புகையை அளக்க வந்தவன், புகையே இல்லாத அடுப்பின் முன்னால் அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நான் முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன். ஓய்வுபெற்ற பிறகும் எண்ணுகிற பழக்கம் விடவில்லை. பஸ்ஸில் ஏறினால் நிற்கிறவர்களை எண்ணுவேன், மழை பெய்தால் கூரையில் ஒழுகும் இடங்களை எண்ணுவேன். இது ஒரு நோய் என்று என் மனைவி இருந்த காலத்தில் சொல்வாள். அந்த நோய்க்கு ஏற்ற ஒரு வேலையும் கிடைத்தது. கண்டியைச் சுற்றியிருக்கும் பழைய வீடுகளின் உட்காற்றைச் சோதிக்கும் வேலையில் இருந்த ஓர் இளம் பெண்ணுக்குக் குறிப்பெடுக்க ஆள் தேவைப்பட்டது. திகனவிலிருந்து வருவார். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை சேர் என்பார். கருவியை அவர் அடுப்புக்குப் பக்கத்தில், குந்தியிருந்து சமைப்பவரின் மூக்கு உயரத்துக்கு வைப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணைப் பார்த்து எழுதுவது என் பொறுப்பு. வீட்டின் ஜன்னல், கதவு, சுவரில் பூஞ்சணம் பிடித்த இடம் எல்லாவற்றையும் எண்ணித் தாளில் பதிவதும் நான்தான்.

அண்ணியின் வீடு கட்டுகஸ்தோட்டையில், பாலம் தாண்டி மேட்டில் ஏறவேண்டிய ஒரு பழைய வீடு. தெருவிலிருந்து முப்பத்தெட்டுப் படி. என் அண்ணன் கடையில் வேலை பார்த்துச் சேர்த்து வாங்கியது. அவர் போய் ஏழு வருடம் ஆன பிறகும் அண்ணி அதை அவர் வாங்கித்தந்த பொருளைப் போலவே காட்டுவார். புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில், ஒற்றைக் காம்பராவில் பிறந்தவர் அவர். அந்தக் காம்பராவுக்கு ஜன்னலே இல்லை. இந்த வீட்டுக்குப் பதினொரு ஜன்னல். ஆனால் அவற்றில் எட்டு எப்போதும் மூடியே கிடக்கும். காரணம் குரங்கு. ஒரு முறை சமைக்கிற குசினியின் மேசையிலிருந்த பாண் ரொட்டியை முழுதாகத் தூக்கிக்கொண்டு போய்விட்டது, மறுமுறை சீனிப் போத்தலை உடைத்தது. அதற்குப் பிறகு குசினியின் இரண்டு ஜன்னலுக்கும் பலகை வைத்து ஆணி அடித்தாகிவிட்டது. கேஸ் கிடைக்காமல் வரிசையில் நின்ற வருடத்தில் அண்ணி விறகுக்குத் திரும்பினார். கேஸ் மறுபடி வந்தும் அவர் திரும்பவில்லை. அடுப்பு வெடித்த கதைகள் அவரைப் பயமுறுத்தியிருந்தன. பலகை அறுக்கும் மரக்காலையில் கழித்துப்போடும் துண்டுகளை வாங்கி எரித்தார். சிலவற்றில் பழைய வார்னிஷ் இருக்கும். புகைக்கூடு இல்லாத குசினி அது. புகை மேலே போய், கூரையில் முட்டி, மெல்லக் கீழே இறங்கி, வெளியே போக வழியில்லாமல் அங்கேயே இருக்கும்.

அண்ணியின் இருமலை நான் எண்ணத் தொடங்கியது ஒரு வெள்ளிக்கிழமை. காலைத் தேத்தண்ணிக்கும் பகல் சோற்றுக்கும் இடையில் இருபத்துமூன்று. அடுத்த மாதம் அதே இடைவெளியில் நாற்பத்தொன்று. நான் தாளில் எழுதிக் காட்டினேன்.

"ஏன் தம்பி, இருமலுக்குமா கணக்கு?" என்று சிரித்தார். "நான் கொறட்டை விடுறதையும் எண்ணி எழுதி வைங்க. பரீட்சைக்கு வரும்."

"சிரிக்காதீங்க அண்ணி. இந்தப் புகையை ஏதாவது செய்யணும்."

"புகையிலதான் பொறந்தேன், புகையிலதான் வளந்தேன். அதுக்கு என்னைய நல்லாத் தெரியும்."

அண்ணன் மகன் கண்டியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான்; அப்போது மனைவியோடு அங்கேயே குடியிருந்தான். சுவரை உடைத்துப் புகைக்கூடு வைக்கலாம் என்று அவனுக்கு நெடுநாளாக எண்ணம். அண்ணி விடவில்லை. அண்ணன் வாங்கிய வீட்டில் அலவாங்கோ சுத்தியலோ படக்கூடாது என்பார். கடைசியில் தாயும் மகனும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். சித்தப்பா மெஷினைக் கொண்டுவந்து பார்க்கட்டும், காற்று கெட்டது என்று அது சொன்னால் சுவரை உடைப்போம், நல்லது என்றால் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. எனக்கு அதுவே போதும் என்றிருந்தது. நான் சொன்னால் சிரிப்பார், எண் சொன்னால் சிரிக்கமுடியாது. மிஸ்ஸின் பட்டியலில் அண்ணி வீட்டைச் சேர்த்தது நான்தான்.

இந்த வேலையில் எங்களுக்கு இருந்த பெரிய இடைஞ்சலை இங்கே சொல்லவேண்டும். மிஸ் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்கூட்டியே போன் செய்து, "நாங்க வாரதுக்காக ஒண்டும் செய்யாதீங்க, எப்பவும் போல இருங்க" என்பார். யாரும் கேட்கமாட்டார்கள். வீட்டுக்கு ஆள் வருகிற நாளில் எப்பவும் போல இருப்பது எங்கள் ஊரில் மரியாதையில்லை. ஒரு வீட்டில் மணக்கவேண்டும் என்று ஏழு ஊதுபத்தி ஏற்றிவைத்திருந்தார்கள். கருவியின் எண் எகிறியதைப் பார்த்து அந்த வீட்டு அம்மா அழுதே விட்டார். இன்னொரு வீட்டில் சாம்பிராணி. மற்றொன்றில் நாங்கள் படியேறும்போதே சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். இதனால் மிஸ் தாளின் கடைசியில் ஒரு கேள்வி சேர்த்திருந்தார்: இன்று இந்த வீட்டில் வழக்கமான நாளா? ஆம் என்றால் ஒரு கட்டம், இல்லை என்றால் இன்னொரு கட்டம். இல்லை என்று வந்த வீட்டுக்கு மறுபடி, சொல்லாமல் போகவேண்டும்.

அண்ணி எங்களுக்காகப் பூப்போட்ட நல்ல சேலை கட்டியிருந்தார். வீடு முழுக்கக் கழுவி, சிவப்புத் தரை கண்ணாடி போல மினுங்கியது. ஜன்னல்கள் திறந்திருந்தன. எண்ணினேன்: பதினொன்று. குசினி ஜன்னல் இரண்டிலும் பலகை இல்லை. சட்டத்தில் ஆணி பிடுங்கிய புதுத் துளைகள் இருந்தன. அதையும் எண்ணினேன்: ஆறு. விடியுமுன்பே சோறு கறி எல்லாம் ஆக்கி முடித்து, அடுப்பில் தண்ணீர் ஊற்றி, மெழுகிக் கோலமும் போட்டாயிற்று. வடையும் தேத்தண்ணியும் வந்தன. தேத்தண்ணி பக்கத்து வீட்டு அடுப்பில் போட்டு பிளாஸ்க்கில் வந்தது. அந்த வீட்டு அம்மாவும் கூடவே வந்து வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

மிஸ் கருவியை வைத்தார். இரண்டு மணி நேரம், இருபத்துநான்கு எண்கள். எல்லாம் சிறிய எண்கள். தோட்டத்தில் வைத்திருந்தாலும் அவ்வளவுதான் காட்டியிருக்கும். மகாவலிப் பக்கமிருந்து காற்று ஒரு ஜன்னலால் வந்து மறு ஜன்னலால் போய்க்கொண்டிருந்தது. அந்தக் குசினிக்குள் காற்று அப்படி நடமாடியதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மிஸ் என் பக்கம் குனிந்து, "சேர், இந்த வீட்டுல அடுப்பு மூட்டினமாதிரி இல்லயே. கொஞ்சம் கேட்டுப் பாருங்களே" என்றார்.

நான் அண்ணியைப் பார்த்தேன். அவர் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "லயத்துல பொறந்தவ வீட்டைப் பாக்க, படிச்ச ஆளுங்க மெஷினோட வந்திருக்காங்க பாருங்க. எங்க வீட்டு ஐயா இருந்திருந்தா இன்னைக்கி கடைக்கே போயிருக்கமாட்டாரு." சொல்லும்போது ஓர் இருமல் வந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அதை அப்படியே விழுங்கிவிட்டார். விழுங்கியதை நான் பார்த்தேன். அன்றைய கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

"அவங்க நேரத்தோட சமைச்சு முடிக்கிற ஆள், மிஸ்" என்றேன். தாளின் கடைசிக் கேள்வியில், ஆம் என்ற கட்டத்தில் சரி போட்டேன். இன்னொரு நாள் சொல்லாமல் வந்து அளந்துவிடலாம் என்று மனதுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தேன். இன்றைக்கு, இத்தனை பேர் முன்னால், அவர் முகம் விழவேண்டாம் என்றுதான்.

படி இறங்கும்போது அண்ணி மேலே நின்று கூப்பிட்டார். "தம்பி! நம்ம வீடு பாஸா?"

"பாஸ் அண்ணி."

அன்று பின்னேரமே ஜன்னல் பலகைகள் திரும்ப ஏறிவிட்டன. அண்ணன் மகன் உடன்பாட்டை மதித்தான். புகைக்கூட்டுப் பேச்சு அதோடு நின்றது. நான் இன்னொரு நாள் வருவேன் என்றது, மழை பிடித்து, பிறகு மிஸ்ஸுக்கு வேறு பக்கம் வேலை மாறி, கருவியும் அவரோடு போய், நடக்கவே இல்லை. நடக்காததற்கு மழை காரணமில்லை. திரும்பப் போய் அளந்தால் முதலில் போட்ட சரியைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கும். அதுதான் காரணம்.

அண்ணியைப் பெரியாஸ்பத்திரி நெஞ்சுக் கிளினிக்குக்கு மூன்று தடவை கூட்டிக்கொண்டு போனேன். முதல் தடவை டொக்டர் சிங்களத்தில், இந்த அம்மா எத்தனை வருடமாகச் சிகரெட் பிடிக்கிறார் என்று கேட்டார். அண்ணிக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு இருமலாகி, கதிரையைப் பிடித்துக்கொண்டு நிமிரமுடியாமல் இருந்தார். விறகடுப்பா என்று டொக்டர் அடுத்துக் கேட்டபோது, அண்ணி எனக்கு முந்திப் பதில் சொன்னார். "ஆமா டொக்டர். ஆனா எங்க வீட்டுக் காத்தை மெஷின் வச்சுப் பாத்தாச்சு. நல்ல காத்து." அவர் பெருமையோடு என் பக்கம் கையைக் காட்டினார். நான் தலையசைத்தேன்.

கடைசி மாதங்களில் முப்பத்தெட்டுப் படியில் ஐந்து இடத்தில் நின்றார். பிறகு படி இறங்குவதே இல்லை. மூச்சு எடுக்க முடியாமல்தான் போனார். புகைதான் கொன்றது என்று யாரும் எழுதித் தரவில்லை. மரணச் சான்றிதழில் இருதயம் என்றும் எழுதியிருந்தது. அதை நான் எனக்கே பலமுறை படித்துக் காட்டிக்கொண்டேன்.

அண்ணிக்குப் பிறகு மகன் குடும்பம் அந்த வீட்டுக்குக் குடிவந்தது, அடுப்பு அவருடைய மருமகள் கைக்கு வந்தது. ஆண்டுத் திதி கொடுத்து ஒரு மாதம் கழித்து நான் அங்கே போயிருந்தேன். முன்னறையில் உட்கார்ந்திருக்கும்போது குசினியிலிருந்து ஓர் இருமல் கேட்டது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இரண்டு. பதினாறு வரை எண்ணிவிட்டு, சொல்லாமல் எழுந்து வந்துவிட்டேன்.

மறுநாள் மிஸ்ஸுக்குப் போன் செய்து எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஒரு நாளைக்குக் கருவியைத் தரமுடியுமா என்று கேட்டேன்.

"சேர், அந்த வீட்டுல எடுத்த நம்பர்கள நான் அப்பவே கணக்குல இருந்து எடுத்துட்டேன்" என்றார். "சாணி போட்டு மெழுகின அடுப்புல என்னத்த அளக்குற? உங்கட சொந்தக்காரங்க, உங்கட மனசு நோகும் எண்டுதான் ஒண்டும் செல்லல்ல."

ஆக, அண்ணியின் மனம் நோகக்கூடாது என்று நான், என் மனம் நோகக்கூடாது என்று அவர்.

அன்று பின்னேரமே அவரிடம் போய்க் கருவியை வாங்கிவந்தேன். அடுத்த நாள் காலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போய்க் குசினி வாசலில் நின்றேன். மருமகள் அடுப்பின் முன் குந்தியிருந்தாள். சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பலகை அடித்த ஜன்னல்களில் வெளிச்சம் கோடு கோடாக விழ, அதில் புகை அசையாமல் நின்றது. அவள் பதறி எழுந்தாள்.

"ஐயோ மாமா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? வீடு கெடக்குற கெடப்பு! இருங்க, அடுப்பை அணைச்சிட்டு வாறேன்."

"அணைக்காதே அம்மா. நீ சமை."

கருவியை அவள் மூக்கு உயரத்துக்கு வைத்தேன். முதல் ஐந்து நிமிடத்திலேயே, அண்ணியின் நாளில் எழுதிய இருபத்துநான்கு எண்களையும் கூட்டினாலும் எட்டாத ஓர் எண் வந்தது. அவள் எட்டிப் பார்த்தாள்.

"இது ரொம்பக் கூடவா மாமா? அப்ப அன்னைக்கி பாஸுன்னு சொன்னீங்களே?"

சொன்னேன். கோலம், பிளாஸ்க், ஆறு ஆணித் துளை, நான் போட்ட சரி. அவள் அகப்பையைப் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். சோறு பொங்கி அடுப்பில் வடிந்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

"அத்தைக்கிட்ட அன்னைக்கே சொல்லியிருந்தா கேட்டிருப்பாங்க மாமா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "நாங்க யார் சொன்னாலும் கேக்கமாட்டாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க. 'கணக்கு வாத்தியாரு தப்பாச் சொல்லமாட்டாரு'ன்னு எத்தனை தடவை சொல்லியிருக்காங்க தெரியுமா?"

திரும்பினேன். வேலைக்குப் புறப்பட்ட கோலத்தில் அண்ணன் மகன் எனக்குப் பின்னால் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது.

"அன்னைக்கே தெரியுமா சித்தப்பா?"

"தெரியும்."

அவன் என்னைத் தாண்டிப் போய், வெறுங்கையால் ஜன்னல் பலகையைப் பிடித்து இழுத்தான். முதல் இழுப்பில் வரவில்லை. பிறகு படியிறங்கிப் போய்விட்டான். இன்றுவரை என்னோடு பேசவில்லை.

தாளில் நான் சரி போட்ட நாளிலிருந்து அண்ணி கண்மூடிய நாள்வரை ஐந்நூற்றுப் பதினெட்டு நாள். அந்த வாரச் சனிக்கிழமை இரண்டு மேசன்மார் வந்து குசினிச் சுவரை உடைத்தார்கள். செவ்வாய்க்கிழமை பின்னேரம், புகை இப்போது புகைக்கூட்டின் வழியாக வெளியே போகிறது என்று மருமகள் போனில் சொன்னாள். நான்கு நாள் வேலை.