பிரஸ் ஷாப்பில் கிடைத்த இடம்

மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டில், இன்டர்ன்ஷிப்பை நாங்களேதான் தேடிக்கொள்ள வேண்டும் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். ஒரகடத்தில் நான் போய் நிற்காத கம்பெனி கேட் இல்லை. கடைசியில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனி நேர்காணலுக்கு அழைத்தது. படப்பையிலிருந்து ஷேர் ஆட்டோவில் போகும்போதும், தகட்டை அழுத்தி வடிவமைக்கும் பிரஸ் மெஷின் பற்றிப் படித்துக்கொண்டே போனேன்.

கேட்டில் காத்திருந்தபோது ஒரு வேன் வேகமாக வெளியேறியது. உள்ளே ஒரு பெண், துணி சுற்றிய கையை நெஞ்சோடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தாள். "சும்மா கீறல்மா," என்றார் செக்யூரிட்டி, நான் கேட்காமலே.

நேர்காணலில் இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். கேட்டதில் ஒரு கேள்விதான் நினைவிருக்கிறது. "சேஃப்டி சென்சார் அடிக்கடி மெஷினை நிறுத்துது. இன்னா பண்ணுவ?"

"ஏன் நிக்குதுன்னு பார்த்து சரி பண்ணுவேன் சார்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "நாளைக்கே வந்துடு," என்றார் மூத்தவர்.

அம்மாவுக்கு இருங்காட்டுக்கோட்டையில் ஒரு தொழிற்சாலையில் லைன் வேலை. ஷிப்ட் முடிந்து வந்ததும், "அதான் கெடச்சிச்சே, மூஞ்சி ஏன் இப்படி கீது?" என்று சிரித்தாள். வேனைப் பற்றிச் சொன்னேன். அவள் சிரிப்பு நின்றது. "போ. ஆனா மெஷினுக்குள்ள மட்டும் கைய வுடாத."

மறுநாள் சூப்பர்வைசர் என்னை ஒரு பிரஸ் பக்கத்தில் நிறுத்தினார். என்னைவிடச் சின்னவள் ஒருத்தி, உள்ளே தகடு வைப்பதும் எடுப்பதுமாக இருந்தாள். கை உள்ளே போனால் மெஷினை நிறுத்த வேண்டிய சென்சார். அதன் ஒயரைக் கழற்றி டேப் சுற்றி வைத்திருந்தார்கள்.

"சார், சென்சார் ஒயர கழட்டி வெச்சிருக்காங்க."

"அது அப்படித்தான். நீ புரொடக்‌ஷன் கணக்கு மட்டும் எழுது."

"மாட்டுங்க சார். இல்லன்னா நான் இங்க நிக்க மாட்டேன்."

முறைத்துவிட்டு அவரே மாட்டினார். மதியத்துக்குள் மெஷின் பலமுறை நின்றது. நின்றபோதெல்லாம் லைன் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்தது.

சாயங்காலமே என்னைக் குவாலிட்டி ரூமுக்கு மாற்றிவிட்டார்கள். மறுநாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். பிரஸ் சத்தம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

டீ நேரத்தில், பிரஸ்ஸில் தகடு வைக்கும் அந்தச் சின்னப் பெண்ணைக் கேட்டேன். "மறுபடியும் கழட்டிட்டாங்களா?"

"நின்னுகினே இருந்தா டார்கெட் எப்படிக்கா முடியும்?" என்று ஓடினாள்.

சென்சார் பற்றி ஹெச்.ஆரிடம் எழுதிக் கொடுத்தேன். "பார்க்கிறோம்," என்றார்கள். நான் இருந்தவரை எதுவும் நடக்கவில்லை. இன்டர்ன்ஷிப் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்தார்கள். கடைசி நாள் கம்பெனி பஸ்ஸில் அந்தச் சின்னப் பெண் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். படப்பையில் நான் இறங்க எழுந்ததும், "நாளைக்கு வருவீங்கல்ல அக்கா?" என்றாள் அரைத்தூக்கத்தில்.

இல்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.