எலாதியோவின் கண்ணும் கிளியின் கண்ணும்

“பராகுவே முழுக்கத் தேடினாலும், என் கண்ணுக்குத் தப்பி ஒரு சொட்டு மை எவன் தோல்லயும் ஒளிஞ்சிருக்க முடியாது” என்று அறிவித்துவிட்டு, சார்ஜென்ட் எலாதியோ பிரிட்டெஸ் வரிசையில் நிற்பவனின் முழங்கையைத் திருப்புகிறார். ஒரு கையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. மறு கையில் குளிர்ந்த தெரெரேக் குவளை. கை மாறிப்போய் ஒருமுறை ஒருவனுடைய கழுத்தை அந்த மூலிகைச் சாற்றாலேயே கழுவிவிட்டார். மூலிகைக்கும் மை அசையவில்லை என்று அதையும் குறிப்பில் எழுதிவைத்தார்.

எங்கள் ஊரில் போலீஸ் வேலைக்கு வருபவர்களுக்கு விதி எளிது. அரைக்கைச் சட்டையும் அரைக்கால் டவுசரும் போட்டால் தெரியும் இடத்தில் பச்சை குத்தியிருக்கக் கூடாது. சட்டைக்குள்ளே டிராகன் குடும்பம் நடத்தினாலும் அரசுக்கு ஆட்சேபம் இல்லை. அந்த எல்லையின் காவலர் எலாதியோ. பக்கத்து மேசையில் உயரம் அளப்பவன் நான். என் வேலையில் இத்தனை புகழ் கிடையாது.

தோல் நிறத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வருவார்கள். பஞ்சு இரண்டு முறை போய் வந்தால் கால்பந்துக் கழகத்தின் சின்னம் நட்சத்திரம் நட்சத்திரமாக உதிக்கும். ஓட்டப் பந்தயத்துக்கே ஒருவன் கணுக்காலில் மாவுக்கட்டுடன் வந்தான். “கட்டோட ஓடு தம்பி, பாப்போம்” என்றார் எலாதியோ. அவன் ஓடினான், வீட்டுக்கு. இன்னொருவனின் கையில் ஏசுநாதர். எலாதியோ தொப்பியைக் கழற்றி, சிலுவை போட்டுக்கொண்டு, “மன்னிச்சுக்குங்க ஆண்டவரே, முழங்கைக்குக் கீழ எறங்கிட்டீங்க” என்று அவரையும் திருப்பி அனுப்பினார்.

கறிக்கடையிலும் பழக்கம் விடாது. தொங்கும் மாட்டுத் தொடையில் சுகாதாரத் துறையின் நீல முத்திரையைப் பார்த்து, “இவனும் தேறமாட்டான்” என்பார்.

இத்தனைக்கும் மூலம் அவருடைய கண்ணாடி. சோடாப் புட்டி கனம், கழுத்தில் கயிறு. முடிவெட்டும்போதுகூடக் கழற்றமாட்டார். அது இல்லாவிட்டால் அவர் அலமாரிக்குக் காலை வணக்கம் சொல்லிவிட்டு மனைவியின் மீது சட்டையை மாட்டுவார் என்பது அந்த அம்மாளே சொன்ன தகவல்.

நிமியா ஓவேலார் பேருந்துகளில் ஏறி இறங்கி சிப்பா ரொட்டி விற்பவள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு நகரும் பேருந்தைத் துரத்திப் பிடிப்பவளுக்கு எங்கள் ஓட்டமெல்லாம் ஒரு பொருட்டா. முதல் ஆண்டு அவள் வந்தபோது முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை ஒரு முழுக் கிளி இருந்தது. “கிளிய அனுப்பிட்டு நீ மட்டும் வா” என்றார் எலாதியோ. மறு ஆண்டு லேசர்காரன் புண்ணியத்தில் வாலும் இறக்கையும் போயிருந்தன. “றெக்கை இல்லாட்டியும் கிளி கிளிதான், மகளே.”

இந்த ஆண்டு வந்தாள். கை முழுக்கத் துடைத்த பலகை மாதிரி இருந்தது. நடுவில் கிளியின் கண் மட்டும் வட்டமாக விழித்துக்கொண்டிருந்தது.

“இத மட்டும் ஏன் விட்டுவெச்ச?”

“லேசர்காரன் கைய விரிச்சுட்டான், சார்ஜென்ட். ரெண்டு வருஷமா உங்களையே பாத்துப் பழகிடுச்சுல்ல, போகமாட்டேங்குது.”

வரிசை சிரித்தது. எலாதியோ சிரிக்கவில்லை.

“அடுத்த வருஷம் வா.”

“அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். இதான் கடைசி.”

எலாதியோ என் பக்கம் திரும்பினார். “ஓட்டத்துல எத்தனாவது?”

“மொதல்” என்றேன். “ஆம்பளைங்களையும் சேத்து.”

கிளி அவரைப் பார்த்தது. அவர் கிளியைப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று அளக்க என்னிடம் கருவி இல்லை. பிறகு கழுத்துக் கயிற்றைத் தலைக்கு மேலாக எடுத்து, கண்ணாடியைக் கழற்றி, மடித்து, சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

“வெயில் கூசுது” என்றார். நாங்கள் இருந்தது தகரக் கொட்டகைக்குள்.

அவளுடைய கையை மூக்குவரை தூக்கிப் பார்த்தார். மறுபுறம் திருப்பியும் பார்த்தார்.

“சார்ஜென்ட், அது கிளியோட…” என்று ஆரம்பித்தாள் நிமியா.

“உன்ன யாரு கேட்டா? வாய மூடிட்டு நில்லு.”

பஞ்சைத் தொடவில்லை. படிவத்தின் மீது மூக்கு உரசக் குனிந்து, ‘பச்சை குத்தியுள்ளதா?’ என்ற கட்டத்தைத் தடவித் தடவித் தேடி, அச்சு அச்சாக “இல்லை” என்று எழுதி என்னிடம் நீட்டினார். உயரத்துக்கான கட்டத்தில் எழுதியிருந்தார்.