தன்னாமுனையில் இல்லாத பூச்சி

என் சின்னவிரல் நகத்தை விடச் சற்றுப் பெரிய காகிதத் துண்டு அது. அதில் கறுப்பு மையில் மூன்று வரிகள். முதல் வரியில் ஊரும் திகதியும், இரண்டாவதில் மரத்தின் பெயர், மூன்றாவதில் பூச்சியைப் பிடித்தவரின் பெயர். எழுதியது நான்தான் என்றாலும், இப்போது கண்ணாடி போட்டும் கண்ணைச் சுருக்கித்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒரு கற்பூர டப்பாவுக்குள் அதை இத்தனை வருடமாக ஒளித்து வைத்திருந்தேன். தங்கச் சங்கிலியைக்கூட நான் அவ்வளவு பத்திரமாக வைத்ததில்லை.

யுத்த காலத்தில் வந்தாறுமூலையில் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் உதவியாளராக இருந்தேன். அங்கே பூச்சிகளைப் படித்த விரிவுரையாளரை மிஸ் என்றே அழைப்போம். மட்டக்களப்பு டவுனில் பறங்கியர் குடும்பத்துப் பெண், என்னை விட எட்டு வயது இளையவர். நான் அவரை மிஸ் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். எனக்கு வாய்த்த ஒரே திறமை பொடி எழுத்து. அரிசிமணி அகலத்தில் ஒரு வரி எழுதுவேன். அதனால் ஆய்வுகூடத்தில் ஊசியில் குத்தி வைத்த ஒவ்வொரு பூச்சிக்கும் அடியில் சீட்டு எழுதுவது என் வேலையாயிற்று. பழைய கலியாண அழைப்பிதழ்களை முக்கோணமாக வெட்டி, அந்த முனையில் பூச்சியை ஒட்டி, கீழே சீட்டைக் குத்துவோம். யார் யாருடைய கலியாணமெல்லாமோ அப்படிப் பூச்சிகளுக்கு ஆசனமாகிப் போனது. சீட்டில் ஊர் இல்லாவிட்டால் மிஸ்ஸுக்குக் கோபம் வரும். "பூச்சி என்ன எண்டத மறுகாலும் பாத்துக் கண்டுபிடிக்கலாம் அக்கா. எங்க பிடிச்ச எண்டத மறுகா ஒருத்தராலயும் கண்டுபிடிக்க ஏலா" என்பார்.

அந்த நாட்களில் ஊர் என்பது சாதாரண விஷயமல்ல. மட்டக்களப்பு வாவிக்குச் சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, அது இராணுவத்தின் கையில். சூரியன் சாயும் பக்கம் படுவான்கரை, அது இயக்கத்தின் கையில். எங்கள் தன்னாமுனை எழுவான்கரையில் இருந்தது. என் தம்பியை ஆமிக்காரர் ஒரு சுற்றிவளைப்பில் பிடித்துக்கொண்டு போய் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். அவன் உயிரோடு வந்தால் மண்டூர் முருகனிடம் வந்து விளக்கேற்றுவதாக நேர்ந்திருந்தேன். அவன் வந்துவிட்டான். மண்டூர் இருந்ததோ படுவான்கரையில். மிஸ்ஸிடம் லீவு கேட்டபோது முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். "முருகனுக்குப் பொறுக்கத் தெரியும் அக்கா, ஆமிக்குத் தெரியா. அங்கால போன எண்டு ஆரும் சொன்னா, தம்பியத்தான் திரும்பப் புடிப்பானுகள். போறல்ல எண்டு சொல்லுங்க" என்றார். "போகல்ல மிஸ்" என்றேன். அந்த ஆவணித் திருவிழாவுக்கே போனேன்.

குருமண்வெளித் துறையில் தோணி ஏறி அக்கரை சேர்ந்தேன். வாய்க்குத் துணி கட்டிப் பூசை செய்யும் கோயில் அது. விளக்கேற்றும்போது, நானும் இனி வாயைக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டேன். திரும்பும் தோணிக்காகக் கரையோரத் தில்லை மரத்தின் கீழ் நின்றேன். அதன் பால் பட்டால் தோல் பொங்கும், கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து என்று ஆடுகூடக் கிட்டப் போகாத மரம். அன்று மஞ்சள் சரங்களாகப் பூத்திருந்தது. காற்று அடித்ததும், பூசைத் தட்டை மூடியிருந்த வெள்ளைத் துணியில் ஏதோ உதிர்ந்தது. குறுணல் அரிசி அளவில் ஆறு பூச்சிகள். இளம் பச்சை உடம்பு, சிறகு மடியும் இடத்தில் குங்குமப் புள்ளி. செடியில் சாறு குடிக்கும் அந்த வகைப் பூச்சிகளை நூற்றுக்கணக்கில் ஒட்டியவள் நான். குங்குமப் புள்ளி வைத்த ஒன்றை அதுவரை கண்டதில்லை. கை சும்மா இருக்குமா? காலிக் கற்பூர டப்பாவுக்குள் தட்டி மூடிவிட்டேன். இக்கரைச் சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் டப்பாவைத் திறந்து பார்த்தான். கற்பூர நெடியில் செத்துக் கிடந்த பூச்சிகளைக் கண்டு சிரித்துவிட்டு என்னைப் போகச் சொன்னான்.

வீட்டில் மேசையில் இருந்து சீட்டு எழுதினேன். 'மண்டூர்' என்று எழுதப் பேனா துணியவில்லை. 'தன்னாமுனை, தில்லை மரம்' என்று எழுதினேன். எங்கள் வளவின் பின்னாலும் தில்லை நின்றது. ஒரு பூச்சிக்கு எந்தக் கரையானால் என்ன என்று மனத்துக்குச் சமாதானம் சொன்னேன். பிடித்தவர் என்ற இடத்தில், ஆய்வுகூட வழக்கப்படி, மிஸ்ஸின் பெயரையே போட்டேன்.

மிஸ் டப்பாவைத் திறந்து, "கற்பூரம் மணக்கிதே அக்கா" என்றார். "சாமி அறையில கிடந்த டப்பா மிஸ்" என்றேன். மின்சாரமில்லாத காலம். நுணுக்குக்காட்டியின் கண்ணாடியை யன்னல் வெயிலுக்குத் திருப்பி, வெயில் நகர நகர மேசையையும் நகர்த்தி, மூன்று மாதம் அந்த ஆறு பூச்சிகளோடு இருந்தோம். அவர் அளந்து சொல்லுவார், நான் எழுதுவேன். உணர்கொம்பின் இரண்டாம் கணு எவ்வளவு நீளம், முதுகில் மயிர் படுத்திருக்கிறதா நிமிர்ந்திருக்கிறதா என்று ஒன்றும் விடமாட்டார். ஆண் பூச்சியின் வால்முனைக்குள் இருக்கும் ஒரு கொக்கியைத்தான் இனத்தின் கையெழுத்து என்பார். அந்தக் கொக்கியை இருபது தடவையாவது வரைந்திருப்பேன். வெளிநாட்டுக்கு எழுதிய கடிதங்களுக்குப் பதில் வந்த நாள் நாற்காலியை விட்டு எழும்பி நின்று, "இதுக்கு உலகத்தில இன்னும் பேரில்ல அக்கா. நாமதான் வைக்கணும்" என்றார். அந்தச் சந்தோசத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் எவர் முகத்திலும் கண்டதில்லை. இரண்டு பேரும் இஞ்சித் தேநீர் ஊற்றிக் குடித்தோம்.

கட்டுரை அச்சாகி வந்தபிறகுதான் பெயரைச் சொன்னார். "உங்கட ஊர்ப் பேர்தான். பூச்சி உள்ள மட்டும் தன்னாமுனை எண்டுதான் சொல்லணும்." ஒருமுறை அச்சேறிய பெயரை, பிழை என்று தெரிந்தாலும் மாற்ற முடியாது என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போதாவது வாய் திறந்திருக்கலாம். நான் திறக்கவில்லை.

அதன் குஞ்சுகளையும் பார்க்க வேண்டும் என்று மிஸ் எங்கள் வளவுக்கே வந்துவிட்டார். குடையைக் கவிழ்த்துப் பிடித்து, கிளையைத் தடியால் தட்டுவார். இலைதான் விழும். மூன்று தரம் வந்தார். வேண்டாம் மிஸ், பால் பொல்லாதது என்று சொன்னேனே தவிர, இங்கே இல்லை என்று சொல்லவில்லை. மூன்றாம் தரம் கண்ணில் பால் தெறித்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு கிடந்தவரின் பக்கத்தில் இருந்து அழுதபடி எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தக் கற்பூர மணத்துக்கே நான் கேட்டிருக்கணும்" என்றார். "பூச்சி பொய் சொல்லல்ல. சீட்டு பொய் சொல்லிட்டு. நானும் அத அச்சடிச்சிட்டன்." அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திராது.

கண் தப்பியது. வேலைக்குத் திரும்பியவர் ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் ஒரு வெற்றுச் சீட்டை என் முன் வைத்து, "உண்மைய எழுதுங்க" என்றார். மண்டூர் என்று எழுதினேன். அந்த நாளை எழுதினேன். தில்லை என்று எழுதினேன். மூன்றாம் வரியில் வழக்கம்போல அவர் பெயரைத் தொடங்கியபோது கையைப் பிடித்து நிறுத்தினார். "பிடிச்சது நீங்க." முடித்ததும் அதை என்னிடமே தந்தார். "இப்ப அனுப்பினா நீங்க அங்கால போன கதை வெளிய வரும். தம்பி வீட்ட இரிக்கட்டும். சண்டை முடிஞ்சா அனுப்புங்க அக்கா. அதுவரைக்கும் பிழை என்ர பேர்ல கிடக்கட்டும்." ஊர் இல்லாத சீட்டைத் தூக்கி எறிகிற மனுசி, என் தம்பிக்காகத் தன் பெயரின் கீழ் ஒரு பொய்யைச் சுமந்தார். அவருக்கு அது எவ்வளவு பாரம் என்பது சீட்டு எழுதிய எனக்குத் தெரியும்.

பிறகு குடும்பத்தோடு அவுஸ்திரேலியா போய்விட்டார். ஒவ்வொரு நத்தாருக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்து அட்டை வரும். கடைசி வரி மட்டும் மாறாது: "தில்லை பூத்திட்டா அக்கா?" சண்டை முடிந்துவிட்டதா, சீட்டை அனுப்பிவிட்டீர்களா என்பதுதான் அதன் பொருள். சண்டையும் முடிந்தது. தம்பி பேரப்பிள்ளையும் கண்டான். எனக்குத்தான் வெட்கம். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினேன். "இன்னும் இல்ல மிஸ்" என்று எழுதுவேன். ஒரு நத்தாருக்கு அட்டை வரவில்லை. அவருடைய தங்கையின் கடிதம்தான் வந்தது.

போன ஆவணியில், வந்தாறுமூலையில் படிக்கும் ஒரு பிள்ளை, கையில் குடையோடு எங்கள் வளவுக்குள் வந்து தில்லை எங்கே என்று கேட்டாள். தன்னாமுனையின் பெயர் கொண்ட பூச்சியை இங்கே ஒருவரும் திரும்பக் காணவில்லையாம். "அழிஞ்சி போச்சி எண்டு எழுதப் போறம் அம்மம்மா" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இல்லாத இடத்தில் தேடி, இருக்கிற உயிரைச் செத்ததாக எழுதப் போகிறார்கள், அதுவும் என் எழுத்தை நம்பி! கற்பூர டப்பாவை எடுத்து மடியில் செருகிக்கொண்டு, "வா கிளி, மண்டூருக்குப் போவம்" என்றேன்.

இப்போது அந்தப் பயணத்தில் ஒருவரும் எங்களை மறிக்கவில்லை. கரையில் பழைய மரம் இல்லை. அதன் கன்றுகள் தோப்பாக நின்றன, மஞ்சள் சரங்களோடு. அவள் குடையைக் கவிழ்த்துப் பிடித்து, ஒரு கிளையை ஒரேயொரு தட்டுத் தட்டினாள். குடைக்குள் குங்குமப் புள்ளி வைத்த பச்சை ஓடித் திரிந்தது. அவள் கத்திய கத்தில் தோணிக்காரர் திரும்பிப் பார்த்தார். டப்பாவைத் திறந்து சீட்டைக் கொடுத்தேன். அவள் அதை உள்ளங்கையில் வைத்து, இளங்கண்ணால் மூன்று வரியையும் தடங்கலின்றி வாசித்தாள். மூன்றாவது வரியில் நிமிர்ந்து, "இந்தப் பேர் கட்டுரையில இல்லையே. இது ஆரு அம்மம்மா?" என்றாள்.

"நான்தான் பிள்ளை" என்றேன். பிறகு வாவியைப் பார்த்துக்கொண்டு, தில்லை பூத்திட்டு மிஸ் என்று வாய்விட்டே சொன்னேன்.