'டியர் சேச்சி' என்று போன மின்னஞ்சல்

வளைகுடா நாட்டில் ஓர் அலுவலகத்தில் பன்னிரண்டு வருடம் கடிதம் தட்டச்சு செய்தே காலம் தள்ளியவன் நான். 'ரெஸ்பெக்டட் சார்' என்று தொடங்காமல் ஒரு வரி எழுத எனக்குக் கை வராது. அந்தப் பழக்கத்தோடும், கடிதம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற தலைக்கனத்தோடும் ஊர் திரும்பி, ஐந்தருவி போகும் சாலையில் ஆறு அறை கொண்ட ஒரு விடுதியைத் தொடங்கினேன்.

சாரல் சீசனில் அறை கேட்டு அடிதடி. ஐயப்ப பக்தர்கள் வரும் மாதங்களிலும் பாதகமில்லை. மற்ற மாதங்களில் ஆறு அறையிலும் பூட்டு தொங்கியது. சித்திரை வரை பார்ப்பது, அதற்குள் எந்தச் சுற்றுலா நிறுவனமும் ஆள் அனுப்பச் சம்மதிக்காவிட்டால் நான் மறுபடியும் விமானம் ஏறுவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தோம். கடையநல்லூர் ஏஜெண்ட் விசாவைக் கையில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்தார். எனக்குப் போக மனமில்லை. மகள் நான் பக்கத்தில் இல்லாமலேயே ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். மிச்ச வகுப்புகளையாவது கூட இருந்து பார்க்க ஆசைப்பட்டேன்.

மதுரை, கோவை, திருவனந்தபுரம் என்று பதினோரு நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் போட்டேன். எல்லாவற்றிலும் 'ரெஸ்பெக்டட் சார்'தான். பத்துப் பேர் கண்டுகொள்ளவில்லை. பதினோராவது ஆள், தான் சார் இல்லை என்று ஒரே வரியில் எழுதியிருந்தார். அந்த அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். அதற்குப் பதில் இல்லை.

பன்னிரண்டாவது, கொச்சியில் ஒரு நிறுவனம். பயண ஏற்பாடுகளைக் கவனிக்கும் மேலாளரின் பெயர் இணையதளத்தில் இருந்தது. அதை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியவில்லை. 'டியர்' போட்டுப் பெயரையே எழுதிவிடலாம் என்றால், மதிக்க வேண்டிய ஆளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. மளிகைக் கடைக்காரரே அண்ணாச்சிதான். தட்டுவதும் அழிப்பதுமாக ஒரு காலைப்பொழுது போயிற்று.

அடுக்களையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த மனைவி, "அங்கன ஒரு போனப் போட்டுக் கேட்டா என்ன?" என்றாள்.

"என்னன்னு கேக்க? நீங்க ஆம்பளையா பொம்பளையான்னா?"

அவள் செங்கோட்டைக்காரி, மலையாளம் ஓரளவு வரும். நான் தடுப்பதற்குள் எண்ணை அழுத்தி, எடுத்த வரவேற்புப் பெண்ணிடம் நலம் விசாரித்து, மழை விசாரித்து, மேலாளரை அலுவலகத்தில் எப்படிக் கூப்பிடுவார்கள் என்றும் கேட்டுவிட்டாள்.

"பொம்பளதான். எல்லாரும் சேச்சின்னு கூப்பிடுதாகளாம்," என்றாள். அக்கா என்று அர்த்தம்.

அப்பாடா, மேடம் என்று போட்டுக்கொள்ளலாம் என்ற நிம்மதியோடு தென்காசிக்குக் காய்கறி வாங்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் மின்னஞ்சல் போயே போயிருந்தது. நான் எழுதியதெல்லாம் அப்படியே இருக்க, மேலே மட்டும் 'டியர் சேச்சி' என்று மாற்றியிருந்தாள்.

"ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? முன்னப்பின்ன தெரியாதவுககிட்ட ஒறவு கொண்டாடலாமா? ஆபீஸே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். சிரிக்கதுக்காவது படிப்பாகல்லா."

நான்கு நாள் அவளோடு சரியாகப் பேசவில்லை. கணினியைத் திறக்கவே கூச்சமாக இருந்தது. ஐந்தாம் நாள் பதில் வந்தது. அலுவலகத்தில் யாரோ விளையாடுகிறார்கள் என்று முதலில் நினைத்ததாகவும், பிறகு முழுவதும் படித்ததாகவும், ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகவும் எழுதியிருந்தார்.

வந்தார். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். கட்டிலைத் தட்டிப் பார்த்தார், குழாய்களைத் திறந்து பார்த்தார், இரண்டு குறைகளை முகத்துக்கு நேரே சொன்னார். கடைசியில், சீசன் இல்லாத மாதங்களில் முதியவர்களைக் குழுக்களாக அனுப்பச் சம்மதித்தார். அறைகள் பிடித்துத்தான் சம்மதித்தார், உறவுக்காக அல்ல. ஆனாலும் ஒரு விளையாட்டுப் போலத் தெரிந்ததை ஒதுக்காமல் கடைசி வரை படித்தாரே, அதற்கு அவருக்கு நான் எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

அன்றைக்கே கடையநல்லூருக்குப் போன் செய்து, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மனைவியிடமும் நன்றி சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. "எந்தத் தைரியத்துல அப்படி எழுதுன?" என்றுதான் கேட்க முடிந்தது.

அவள் அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "பன்னெண்டு வருசம் ஒங்களுக்கு வாட்ஸ்அப்புல எழுதுனேன்லா? பேரச் சொல்ல எனக்கு வாய் வராது. அத்தான்னு போட்டா ரூம்ல இருக்கவுக எட்டிப் பாப்பாகன்னு நீங்க வேண்டாம்னுட்டீங்க. கூப்பிடாமலேதான் எழுதுனேன். ஒண்ணாவது முழுசாப் படிச்சிருப்பீங்களா?"

படித்ததில்லை. கடைசி வரியைப் பார்த்துவிட்டு 'சரி' என்று பதில் போட்டவன்தான் நான்.

"இப்பக் கூப்பிடேன்," என்றேன்.

"இங்கனதான இருக்கீங்க," என்றாள்.