ஒரு விரற்கடை குட்டை

தினசரி காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, கூரை மாதிரி மடித்து நிறுத்துகிறார் தச்சர் அற்புதசாமி. இன்னொரு தாளைச் சின்னதாக மடித்து, அதன் விலாவில் குறுக்கே பொருத்துகிறார். இரண்டு கூரைகளும் முட்டுகிற பள்ளத்தை நகத்தால் கீறிப் பார்த்த பிறகுதான் ரம்பத்தைத் தொடுவார். "தாள்லயே சேரலன்னா மரத்துல எப்படிங்க சேரும்?"

வயது ஐம்பத்திரண்டு. புத்தூரிலிருந்து லால்குடி வரை, ஓட்டுக்கூரையில் ஜன்னல் எடுக்க வேண்டுமென்றால் அவரைத்தான் தேடுகிறார்கள். சாய்ந்து இறங்கும் கைமரங்களை 'பயலுக' என்பார். வளைந்த மரம் 'சண்டிப்பய'.

போன மாதம் புத்தூரில், ஓய்வுபெற்ற ஆசிரியை லூர்துராணி வீட்டில் வேலை. மாடியறையில், கூரை ஜன்னலை ஒட்டி ஒழுகல். வாசலிலேயே அற்புதசாமிக்குத் தெரிந்துவிட்டது, வாலிபத்தில் தாம் போட்ட கூரை. டீச்சர் பின்னால் வாங்கிய வீடு என்பதால் அவருக்குத் தெரியாது. ஓடு உடைந்திருக்கும் என்று நினைத்து இவரும் சொல்லவில்லை.

ஓட்டைப் பிரித்தார். பள்ளத்தில் இறங்கும் கைமரம் ஒரு விரற்கடை குட்டை. இடைவெளியில் ஓர் ஆப்பு.

மறந்தே போயிருந்தது. இருபத்தாறு வருஷத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. பெண் பார்க்க லால்குடி போக வேண்டும். நாலு மணி ரயில். அறுத்த பிறகுதான் மரம் குட்டை என்று தெரிந்தது. ஆப்பை அடித்து, ஓட்டை மூடி, ஸ்டேஷனுக்கு ஓடினார். காபியை நீட்டிய பவுலின் மெதுவாகச் சொன்னாள்: "காதுல மரத்தூள் இருக்கு." அவரிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

"எந்த மடையன் வச்ச ஆப்பு?" கீழிருந்து அண்ணாந்து பார்த்து டீச்சர் கேட்டார். மழைக்கு மழை அண்டா வைத்துத் தரையே கறுத்திருந்தது.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அற்புதசாமி ஏணியில் இறங்கி வந்தார். "நான்தாங்க டீச்சர். பொண்ணு பாக்கப் போக நாலு மணி ரயில். அந்த அவசரம்."

டீச்சர் அவரையே பார்த்தார். "பொண்ணு அமைஞ்சுதா?"

"அமைஞ்சுதுங்க. இன்னிக்கும் சோறு கட்டிக் குடுத்திருக்கா."

"இந்தத் தடவ ரயில் ஒண்ணும் இல்லல்ல? பாத்து அறுங்க."

மூன்றாம் நாள் புது மரம் ஏறியது. டீச்சரின் மகன் ஜோஸ் கூரைமேல் பைப்பைப் பிடித்து அரைமணி நேரம் தண்ணீர் அடித்தார். பைப்பை நிறுத்தி, சுருட்டி, ஜோஸ் கீழே வந்துவிட்டார். டீச்சர் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டார். மாடியறையில் அந்தப் பள்ளத்துக்கு நேர் கீழே, உள்ளங்கையை விரித்து நீட்டியபடி, அற்புதசாமி நின்றுகொண்டே இருந்தார்.