நாடாத் தழும்பு

எனக்குக் காய்ச்சல் வந்த வருஷம் எங்கள் ஊரில் எல்லாக் காய்ச்சலுக்கும் ஒரே பெயர்தான். முந்தின வருஷம் சிக்குன்குனியா வந்து தெருத் தெருவாக ஆட்களை முடக்கிப் போட்டுவிட்டுப் போயிருந்தது. அது போன பிறகும் டாக்டர்களுக்கு அதை விட மனசில்லை. முட்டி வலித்தால் சிக்குன்குனியா, தலை சுற்றினால் சிக்குன்குனியா, பரீட்சைக்குப் பயந்து போர்த்திப் படுத்துக்கொண்ட பிள்ளைக்கும் அதுதான். நானும் அதையே சொல்லிக்கொண்டு மூன்று நாள் நிலவேம்புக் கஷாயம் குடித்துப் பார்த்தேன்.

அப்போது விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் யூனிட்டில் வேலை பார்த்தேன். வீடுகளில் மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் வெள்ளையாக பியூஸ் கட்டை இருக்குமே, அதை அச்சிலிருந்து எடுத்ததும் ஓரத்தில் பிசிறு நிற்கும். அதைச் சின்னக் கத்தியால் சீவி, ஈரப் பஞ்சால் துடைத்துச் சூளைக்கு அனுப்புவது பெண்களின் வேலை. வெந்து வந்ததை வைக்கோல் வைத்து மூட்டை கட்டுவதும் நாங்கள்தான்.

யூனிட்டில் கக்கூஸ் ஒன்று உண்டு. அது எப்போதும் பூட்டியே இருக்கும், சாவி மேனேஜரிடம். வெளியூரிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்களுக்காகக் கட்டியதாம். அப்படி வந்தவர் ஒருவரும் அதற்குள் போய் நான் பார்த்ததில்லை, டீ குடித்துவிட்டு காரில் ஏறிப் போய்விடுவார்கள். பெண்கள் நாங்கள் எல்லாரும் பின்பக்கத்துச் சீமைக் கருவேலம் புதருக்குப் போவோம். ஒருத்தி உள்ளே போனால் ஒருத்தி காவல்.

எனக்குக் காவல் நிற்பவள் என் பக்கத்து மேசைக்காரி. கம்மாபுரம் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தாள், என்னைவிட எட்டு வயது சின்னவள். தினமும் ஒரே ஒரு பியூஸ் கட்டையின் அடியில் கத்தி முனையால் சின்னதாக நட்சத்திரம் கீறி அனுப்புவாள். "எந்த ஊர்லயோ எவன் வூட்லயோ என் நட்சத்திரம் இருக்கும்க்கா" என்பாள். சிக்குன்குனியா வந்த அதே மழையில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. ஆறாம் நாள் பார்க்கப் போனேன். படுத்தபடியே புடவையை விலக்கி இடுப்பைக் காட்டினாள். பட்டாணி அளவில் கறுப்பாக ஒரு பொருக்கு.

"இது என்னாக்கா?"

"பாவாட நாடா அழுத்துனதுடி. எனக்கும்தான் இருக்குது" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம்.

பன்னிரண்டாம் நாள் இறந்துபோனாள். மர்மக் காய்ச்சல் என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். மர்மம் என்றால் வேறொன்றுமில்லை, டாக்டருக்குத் தெரியவில்லை என்பதைக் கௌரவமாகச் சொல்வது.

அதனால் என் காய்ச்சல் நான்காம் நாளும் இறங்காதபோது நாளை எண்ண ஆரம்பித்தேன். பன்னிரண்டு என்ற கணக்கு மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டது. எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள் இருந்தாள்.

முதலில் எங்கள் தெருமுனை டாக்டர். தலை நிமிராமல் வைத்தியம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. நான் வாயைத் திறக்குமுன்பே மாத்திரை எழுதி முடித்திருந்தார். ஸ்டெதாஸ்கோப்பைப் புடவை மடிப்புக்கு மேலேயே வைத்து எடுத்தார். என் நெஞ்சில் கேட்டாரோ, புடவையில் போட்ட கஞ்சியில் கேட்டாரோ, தெரியாது.

"வைரஸும்மா. ஊரெல்லாம் சுத்திகிட்டு இருக்குது."

"சார், எங்க யூனிட்டுல ஒருத்தி இதே மாதிரி வந்துதான் சார் பன்னெண்டாம் நாளு போயிட்டா."

"அவங்க பாடி வேற, உங்க பாடி வேற. திரும்பிப் படுங்க" என்றார். ஊசி போட்ட இடம் மட்டும் நாலு நாள் வலித்தது. மற்றபடி அவர் வைத்தியத்தால் உடம்பில் ஒரு மாற்றமும் இல்லை.

ஆறாம் நாள் ஒரு நர்ஸிங் ஹோம். மாடியில் லேப், கீழே மெடிக்கல் ஷாப், நடுவில் டாக்டர். என் வீட்டுக்காரர் பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு ஏற்றும் டிராக்டர் ஓட்டுபவர். வெட்டு நேரம், லீவு போட்டுவிட்டு என்னை டிவிஎஸ் பிப்டியில் வைத்து அழைத்துப்போனார். ரத்தம் எடுத்தார்கள். மலேரியா இல்லை, டைபாய்டு இல்லை, டெங்கு இல்லை. ரிப்போர்ட்டைப் பார்க்கப் பார்க்க டாக்டருக்குக் கோபம் ஏறியது, நான் எதையோ ஒளித்துவைத்துக்கொண்டு தர மாட்டேன் என்கிறேன் என்பதுபோல.

"எல்லாம் நார்மல். உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா."

"நூத்தி மூணு இருக்குது சார்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அது இருக்கும்" என்றார் டாக்டர்.

எட்டாம் நாள், பெண் டாக்டராக இருந்தால் காது கொடுத்துக் கேட்பார் என்று ஒருவரிடம் போனோம். கேட்டார். நிறையவே கேட்டார்.

"வீட்ல மாமியார் கூட இருக்காங்களா?"

என் மாமியாரை நான் மாலை போட்ட போட்டோவில்தான் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னேன். அந்த அம்மாவுக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது. அடுத்ததாக, பக்கத்திலேயே நின்றிருந்த என் வீட்டுக்காரரைக் காட்டி, "இவர் குடிப்பாரா?" என்றார். பொங்கல் தீபாவளிக்கு என்று அவரே ஒப்புக்கொண்டார். அதைப் பெரிய எழுத்தில் டாக்டர் குறித்துக்கொண்டார். செத்துப்போன பெண்ணைப் பற்றி நான் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்தீங்களா? அந்தப் பயம்தாம்மா உங்களுக்குக் காய்ச்சலா வருது. எல்லாம் டென்ஷன்."

தூக்க மாத்திரை கொடுத்தார். நான் தூங்கினேன், காய்ச்சல் தூங்கவில்லை. காலையில் விழித்தபோது மகள் என் நெற்றியில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "தோசக்கல்லு மாதிரி இருக்குதும்மா" என்றாள். படிக்காத அந்த டாக்டர் சொன்னது மட்டும் சரியாக இருந்தது.

பத்தாம் நாள் கண் மஞ்சளானது. பஸ் பிடித்துப் பெரிய ஊர் ஆஸ்பத்திரி ஒன்றுக்குப் போனோம். அங்கேதான் முதன்முதலாக ஒரு டாக்டர் என் உடம்பைத் தொட்டுப் பார்த்தார். ஈரல் வீங்கியிருக்கிறதா என்று அழுத்திக்கொண்டு வந்தவர், இடுப்பில் கை வந்ததும் நின்றார். அங்கே ஒரு கறுப்புப் பொருக்கு, சுற்றிலும் லேசாகச் சிவந்து. எனக்கே அப்போதுதான் சரியாகத் தெரியும். வலியும் இல்லை, அரிப்பும் இல்லை, நாடா கட்டுகிற இடம் வேறு, யார் கவனித்தார்கள்?

"எந்த ஊரு வைத்தியன் கிட்ட சூடு போட்டீங்க?" என்று கத்தினார்.

எங்கள் பக்கத்தில் மஞ்சள் காமாலைக்குக் கம்பியைக் காய்ச்சிச் சூடு போடுகிறவர்கள் இருக்கத்தான் செய்தார்கள். அதில் அவர்மேல் தப்பு சொல்ல முடியாது. ஆனால் எனக்கு யாரும் போடவில்லையே.

"போடல சார். எம் புள்ள மேல சத்தியமா போடல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்வீங்க. காட்டு வைத்தியம் எல்லாம் பாத்துட்டு, முத்திப்போனப்புறம் எங்க கிட்ட வர வேண்டியது." சுற்றி நின்ற நர்ஸுகளுக்கு ஒரு பாடமே எடுத்துவிட்டார், என் இடுப்பைக் கரும்பலகையாக வைத்து. ஒரு நர்ஸுக்கு மட்டும் என்மேல் இரக்கம் வந்தது.

"சார், இவங்க பீங்கான் யூனிட்டுல வேலை பாக்குறாங்களாம். சூளையில சுட்டிருக்கும் சார்."

நான் சூளைப் பக்கமே போகிறவள் இல்லை. அப்படியே போனாலும், புடவையைச் சுடாமல் பாவாடையைச் சுடாமல் உள்ளே புகுந்து பட்டாணி அளவுக்கு மட்டும் சுடுகிற சூளை எங்கே இருக்கிறது? சூடு போட்ட கேஸ் என்று பைலில் எழுதிக் காமாலைக்கு மருந்து கொடுத்தார்கள். நோயை நேரில் பார்த்த முதல் டாக்டர் என்னைப் பொய்க்காரியாக்கி அனுப்பினார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் வீட்டுக்காரர் ஜன்னலோரத்தை எனக்கு விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். திட்டக்குடி போகிறவர்கள் ஏறி இறங்கிக் கூட்டம் குறைந்ததும் மெல்லக் கேட்டார்.

"நெசமாவே போடலியா? எனக்குத் தெரியாம உங்கம்மா எங்கனா கூட்டிட்டுப் போனாங்களா?"

அத்தனை டாக்டர்கள் சொன்னதிலும் வராத அழுகை அப்போது வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் அதற்காக இன்றுவரை வருத்தப்படுகிறார், நானும் அவ்வப்போது ஞாபகப்படுத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதினோராம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. இனி இந்த ஊர் வேண்டாம் என்று வாடகைக் கார் பிடித்துப் புதுச்சேரிக்குப் போனோம். பெரிய ஆஸ்பத்திரி, வரிசையில் பாதி நேரம் அவர் தோளில் சாய்ந்தபடியே நின்றேன். உள்ளே இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். படிப்பு முடிந்தும் முடியாத வயசு, தூக்கமில்லாமல் கண் சிவந்து கிடந்தது. இதுவா பார்க்கப்போகிறது என்று நினைத்தேன். அந்தப் பெண் திரைச்சீலையை இழுத்துவிட்டு, "எல்லாத்தையும் தளர்த்துங்கக்கா" என்றாள். காதுக்குப் பின்னால், அக்குளில், மார்புக்கு அடியில் என்று பேன் பார்ப்பதுபோல உடம்பு முழுக்கத் தேடினாள். இடுப்புக்கு வந்து குனிந்ததும் நான் முந்திக்கொண்டேன்.

"சூடு போடலம்மா. சத்தியமா."

அவள் சிரித்துவிட்டாள். "தெரியும்க்கா. இது பூச்சி கடிச்ச எடம். கண்ணுக்கே தெரியாத பூச்சி. புதர் பக்கம் போவீங்களா?"

"தெனமும்."

"அதுலதான் இருக்கும். துணி இறுக்கமா இருக்குற எடத்துல போய்க் கடிக்கும். கடிச்சது தெரியவே தெரியாது. இந்தக் காய்ச்சல் வந்தவங்க நெறைய பேர் இப்ப வராங்க. இந்தப் பொருக்கப் பாத்தா போதும், வேற ஒண்ணும் வேணாம்." ஸ்க்ரப் டைபஸ் என்று பெயர் சொன்னாள். மாத்திரை ஒன்றின் பெயரையும் சீட்டில் தனியாக எழுதிக் கொடுத்தாள். அந்த மாத்திரை எல்லா மருந்துக் கடையிலும் கிடைக்கும், எங்கள் நர்ஸிங் ஹோமின் கீழ்த்தளத்திலும் கிடைக்கும். இரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது.

அவள் அந்தப் பொருக்கில் விரல் வைத்துச் சொன்னபோது நான் தேம்பித் தேம்பி அழுதேன். பிழைத்த சந்தோஷம் என்று என் வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டார். எனக்கு ஞாபகம் வந்தது வேறொரு இடுப்பு. அன்றைக்கு நாங்கள் சிரித்த பிறகு என் பக்கத்து மேசைக்காரி இன்னொன்றும் கேட்டிருந்தாள். "டாக்டர் கிட்ட காட்டட்டாக்கா?" என்றாள். நான், "இதயெல்லாமா காட்டுவாங்க? வெக்கமில்ல?" என்றேன். அவள் புடவையை மூடிக்கொண்டாள். ஆறாம் நாள் அது. இன்னும் ஆறு நாள் மிச்சம் இருந்தது.

இதை யாரிடமும் சொல்லவில்லை. வேலைக்குத் திரும்பியதும் மேனேஜரிடம் பூச்சியைப் பற்றி மட்டும் சொன்னேன், கக்கூஸ் சாவியைக் கேட்டேன். ரொம்ப அக்கறையாகக் கேட்டுக்கொண்டார். மறுநாளே ஆள் வைத்துப் புதரை வெட்டித் தள்ளிவிட்டார். பூட்டு அப்படியே தொங்கியது. இருந்த மறைவும் போனதால், நாங்கள் இன்னும் கொஞ்சம் தள்ளி அடுத்த புதருக்குப் போனோம்.

அதற்குள் செத்துப்போனவளின் தங்கை வேலைக்குச் சேர்ந்திருந்தாள், அதே மேசையில். என்னை அக்கா அக்கா என்று சுற்றி வந்தாள். அடுத்த மழை விட்ட ஒரு சாயங்காலம் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு, "நாலு நாளா காய்ச்சலா இருக்குதுக்கா" என்றாள். அவளை வைக்கோல் போருக்குப் பின்னால் இழுத்துப்போய்ப் புடவையை விலக்கினேன். இடது பக்கம், நாடாவுக்கு அடியில், பட்டாணி அளவு.

கையில் அந்தச் சீட்டோடு அவளைத் தெருமுனை டாக்டரிடம் அழைத்துப்போனேன், அவர்தான் பக்கத்தில் இருந்தார். தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார். இடுப்பைப் பாருங்கள் என்றேன். ஓரக்கண்ணால் பார்த்தார்.

"நாடா தழும்பும்மா அது. இதயெல்லாமா டாக்டர்ட்ட காட்டுவாங்க?"

என் வாயிலிருந்து போன வார்த்தை திரும்பி வந்து முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. அதற்குமேல் அடக்க முடியவில்லை.

"நானும் இதேதான் சார் சொன்னன். இவ அக்கா எங்கிட்ட காட்டுனப்ப. டாக்டர்ட்ட காட்டாதன்னு சொன்னன். அவ காட்டல. செத்துப்போயிட்டா."

டாக்டர் அன்றுதான் முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சீட்டை வாங்கி இரண்டு முறை படித்து, அதிலிருந்த மாத்திரையையே எழுதிக் கொடுத்தார். தங்கையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மருந்துக் கடையில் மாத்திரையைத் தானே காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினாள்.

மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டு, ஒரு வாரத்தில் வேலைக்கு வந்தாள். கத்தியையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு என் பக்கத்து மேசையைத் தாண்டிப்போய், கடைசி மேசையில் உட்கார்ந்தாள்.